தலையெழுத்தும் மூளையளவும்

(பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்துப் படிப்பகத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சாதியைப் பற்றியதுமல்ல. ஆனால் பேசி முடிப்பதற்குள் இரண்டும் தாமாகவே வந்து குறுக்கே நிற்கும். அதற்கு நான் ஜவாப்தாரியல்ல. கல்வி மனோதத்துவ நிபுணர் என்று ஒரு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பதும், ஏறுவதற்கு வழி சொல்லுவதும் அவருடைய வேலை. அப்பேர்ப்பட்டவர் ஒருவருடைய கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் என்னிடம் வந்தார். “அண்ணே, பையன் மூணாங் கிளாசு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியல. வாத்தியாரு மக்குன்னுட்டாரு. ஜோசியருகிட்ட போனா, வித்யா ஸ்தானத்துல சனி உக்காந்திருக்கான், பதினோரு சனிக்கிழமை எள்ளு தீபம் போடுங்கிறாரு. போடட்டுமா?” என்றார்.

தோழர்களே! வித்யா ஸ்தானம் என்றதும் எனக்கு நம் பாகூர்தான் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ ராஜா காலத்தில், இந்தப் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதாகச் செப்பேடு இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே பாகூரில் காலேஜ் இருந்தது என்று மார்தட்டுகிறோம். நல்லது. ஆனால் அது வேதம் ஓதினவர்களுக்கான காலேஜ். அந்த மூன்று கிராமத்திலும் சேற்றில் இறங்கி உழுதவன் பிள்ளை அங்கே போய் உட்கார முடிந்திருக்குமா? அவனுடைய வித்யா ஸ்தானத்தில் உட்கார்ந்திருந்தது சனியா? யோசித்துப் பாருங்கள்.

இனி நிபுணர் கதைக்கு வருகிறேன். நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தேசத்திலே ஆல்பிரெட் பினே என்று ஒருவர் 1857-ல் பிறந்தார். அவர் படித்துப் பட்டம் வாங்கியது சட்டம். மனோதத்துவத்தை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாரிஸ் தேசிய நூல்நிலையத்தில் உட்கார்ந்து தானாகவே புத்தகம் புத்தகமாகப் படித்து அறிந்துகொண்டார். நானும் படிப்பகத்தில் படித்தவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பட்சபாதம் உண்டு; மன்னிக்கவும்.

ஆரம்பத்தில் அவர் சார்க்கோ என்ற பேர்பெற்ற வைத்தியரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே நோயாளிகளை மயக்க உறக்கத்தில் ஆழ்த்தி, காந்தத்தைக் காட்டி, இடக்கையில் இருக்கும் வாதத்தை வலக்கைக்கு மாற்றிவிடலாம் என்று கூத்து நடந்துகொண்டிருந்தது. பினேயும் அதை நம்பிப் புத்தகம் எழுதினார். பெல்ஜியத்திலிருந்து டெல்பூஃப் என்பவர் வந்து பார்த்துவிட்டு, “நோயாளியின் காதுபடவே எல்லாம் பேசுகிறீர்கள், நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான் அவர்கள் செய்துகாட்டுகிறார்கள்” என்ற கருத்தில் கண்டித்து எழுதினார். பினே சிலகாலம் சண்டை போட்டார். பிறகு, தான் சொன்னது தப்பு என்று பகிரங்கமாக ஒத்துக்கொண்டார். நம் ஊரில் எந்த ஜோசியராவது, எந்தச் சாமியாராவது இப்படி ஒருதரம் ஒத்துக்கொண்டதுண்டா?

அதற்குப் பிறகு வீட்டில் தன் இரண்டு பெண் குழந்தைகளையே கவனிக்க ஆரம்பித்தார். ஒரே தாய் தகப்பன், ஒரே சோறு; ஆனால் ஒரு பெண் நிதானமாகக் கவனித்துச் சொல்லுகிறாள், மற்றவள் மனம் கற்பனையில் போகிறது. இதையெல்லாம் எழுதி 1903-ல் புத்தகமாகப் போட்டார். பள்ளிப் பிள்ளைகளின் தலையைச் சுற்றளவு எடுத்தும் பார்த்தார். கெட்டிக்காரன் தலை பெரிது, மந்தன் தலை சிறிது என்று அக்காலத்துப் பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்தால் வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்குத்தான்! அந்த மில்லிமீட்டரும் தன் கை தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்ததால் வந்ததோ என்று தன்னையே சந்தேகித்தார். ஆகவே, தலைக்கு உள்ளே எழுத்தும் இல்லை, வெளியே அளவும் இல்லை என்றாயிற்று.

1904-ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். வந்தவர்களில் சிலர் பின்தங்கினார்கள். யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாத்தியார் சொல்லை நம்பலாமா? அடங்காத பிள்ளையை ஒழித்துக்கட்ட வாத்தியார் ‘மக்கு’ என்று எழுதிவிட மாட்டாரா? இதற்காகவே பினேயும் சிமோன் என்ற இளம் வைத்தியரும் சேர்ந்து 1905-ல் முப்பது கேள்விகள் அடங்கிய ஒரு பரீட்சையை உண்டாக்கினார்கள். 1908-ல் அதைத் திருத்தி, வயதுவாரியாக அமைத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை தன் மூக்கையும் கண்ணையும் தொட்டுக்காட்ட வேண்டும்; ஒன்பது வயதுப் பிள்ளை இருபது சூ காசுக்குச் சில்லறை கொடுக்கவேண்டும்; இந்த மாதிரி.

இங்கே ஒரு சங்கதி. சந்தையில் தாயோடு உட்கார்ந்து கீரை விற்கும் பிள்ளை ஆறு வயதிலேயே சில்லறை கொடுப்பான். மாடிவீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயதிலும் தெரியாது. ஆனால் படத்தைக் காட்டிக் கதை சொல் என்றால், வீட்டில் படப்புத்தகம் உள்ளவன் ஜெயிப்பான். 1910-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் டெக்ரோலி என்பவர் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பரீட்சையை வைத்தபோது, அவர்கள் பினேயின் கணக்குக்கு ஒன்றரை வயது முன்னால் நின்றார்கள். இது வீட்டு வசதியின் வேலை என்று பினே கண்டுகொண்டார்.

அன்றியும், அவர் பரீட்சை வைத்தது முத்திரை குத்துவதற்கல்ல. சில பிள்ளைகளுக்கு அறிவு இவ்வளவுதான், இனி ஏறாது என்று பேசிய தத்துவவாதிகளை 1909-ல் ஒரு புத்தகம் எழுதிக் கடுமையாகக் கண்டித்தார். தாம் மாணவராக இருந்தபோது ஒரு பரீட்சகர், ‘உனக்குத் தத்துவ புத்தி ஒருக்காலும் வராது’ என்று சொன்னதை அதிலே நினைத்துக்கொள்ளுகிறார். ‘ஒருக்காலும்’ என்ற வார்த்தை எவ்வளவு பெரிய வார்த்தை என்பது அவருடைய கேள்வி. மந்தமென்று ஒதுக்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்து, முதலில் பாடம் சொல்லாமல் விளையாட்டுக் காட்டினார்கள். சொன்ன கணத்தில் சிலைபோல் அசையாமல் நிற்பது ஒரு விளையாட்டு. பலகையில் பல சாமான்களை நொடிப்பொழுது காட்டி மறைத்துவிட்டு என்னென்ன பார்த்தாய் என்று கேட்பது இன்னொன்று. வேடிக்கை பார்க்க வந்த சட்டசபை மெம்பர்களும் அதைச் செய்துபார்த்துப் பிள்ளைகளிடம் தோற்றுப்போனார்களாம்!

பினே 1911-ல் இறந்துபோனார். பிறகு அவருடைய அளவுகோல் யார் கைக்குப் போயிற்று, கேளுங்கள். அமெரிக்காவில் காடர்டு, டெர்மன் முதலிய பண்டிதர்கள் அதை எடுத்து, அறிவு பிறவியிலேயே வருவது, பரம்பரையாக வருவது என்று பிரசாரம் செய்தார்கள். 1917-ல் தொடங்கிப் பதினேழு லட்சம் சிப்பாய்களுக்குமேல் பரீட்சை வைத்தார்கள். இங்கிலீஷ் சரியாகத் தெரியாத ஏழைக் குடியேறிகளும், பள்ளியே கிடைக்காத கறுப்பரும் குறைந்த எண் வாங்கியதும், ‘பார்த்தீர்களா, மட்ட ரத்தம்’ என்றார்கள். கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குப் புத்தி ஒன்பது வயதளவுதான் என்று எழுதி, இனிப் பிள்ளை பெறாதபடி அறுவை செய்யலாம் என்று 1927-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லி, அப்படியே செய்தும் விட்டார்கள். அந்தப் பெண் பள்ளியில் எல்லாரையும்போலத் தேறிவந்தவள்! இங்கே பிரம்மாவின் எழுத்து என்பதை அங்கே எண் என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1953-ல் சென்னை ராஜ்யத்தில் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். நாம் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் தப்பினோம். அங்கே 1954-ல் காமராசர் முதல்மந்திரியானதும் கைவிட்டார்கள். அந்தத் திட்டக்காரர்களுக்குப் பரீட்சைகூட வேண்டியிருக்கவில்லை. அப்பன் யார் என்று தெரிந்தால் போதும்.

சாதி மூளைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு ருசு சொல்லுகிறேன். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஹாஃப், பாண்டே என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் அறுநூறு பையன்களுக்குமேல் சேர்த்து, காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையனும் தாழ்த்தப்பட்ட பையனும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். ஒவ்வொருவன் பேரோடு சாதியையும் உரக்கப் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்ட கணக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. 2006-ல் இது வெளியாயிற்று. அதே பையன்தான், அதே மூளைதான்! வாயால் சொன்ன ஒரு வார்த்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

நான் பள்ளியில் கடைசிப் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவன். கரும்பலகையில் எழுதியிருப்பதைப் படி என்பார்கள், விழிப்பேன், பிரம்பு விழும். எட்டாவதோடு நின்றேன். பத்தொன்பதாம் வயதில் இலவசக் கண் பரிசோதனையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்து நிமிர்ந்தபோது, புளியமரத்தில் தனித்தனி இலை இருப்பதை முதல்முதல் பார்த்தேன். அதுவரை மரம் என்றால் பச்சைப் புகை என்றே நினைத்திருந்தேன். எட்டு வருஷத்தில் ஒரு வாத்தியாருக்கும், இவன் கண் தெரியாமல் விழிக்கிறானா என்று கேட்கத் தோன்றவில்லை. இன்று 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம், எழுத்துக் கூட்டுவதிலும் கணக்கிலும் மட்டும் தடுமாறும் குறையையும் குறையென்று ஒத்துக்கொள்ளுகிறது. சட்டம் வந்துவிட்டது; ‘மக்கு’ என்ற வார்த்தை போகவில்லை.

ஒழுங்கான கல்வி மனோதத்துவ நிபுணர், பரீட்சைக் காகிதத்தை எடுப்பதற்குமுன் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டானா, வீட்டில் என்ன பாஷை, யாருக்குப் பயப்படுகிறான் என்று கேட்பார். பிறகு பையனைப் படிக்கவிட்டு, எந்த எழுத்தில் தட்டுகிறது என்று குறித்துக்கொள்வார். தாயிடம் பேசுவார், வாத்தியாரிடமும் பேசுவார். பினேயின் அளவுகோலைத் தார்வாரில் காமத் என்பவர் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கேற்பத் திருத்தி 1940-ல் புத்தகமாகப் போட்டார். அது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அந்தப் பரீட்சை வைத்து ஒரு எண் சொன்னால் பயப்படாதீர்கள். ‘சரி, இனி என்ன செய்யவேண்டும்?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாதவர் நிபுணரல்ல. பட்டம் வாங்கிய ஜோசியர்.

அந்த வில்லியனூர் அம்மாளிடம், “பையனுக்குக் காது நல்லாக் கேக்குதா?” என்று கேட்டேன். “கூப்பிட்டா திரும்ப மாட்டான், திமிரு” என்றார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் சீழ். ‘க’வுக்கும் ‘த’வுக்கும் வித்தியாசம் கேட்காத பிள்ளை எப்படி எழுத்துக் கூட்டுவான்? மருந்து போட்டார்கள், வாத்தியாரிடம் சொல்லி முன் பெஞ்சில் உட்காரவைத்தோம். போனவாரம் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தானாம். அம்மாள் வந்து சொல்லிவிட்டு, “எதுக்கும் அந்த எள்ளு தீபத்தையும் போட்டுடட்டுமா அண்ணே?” என்றார். எள்ளை உருண்டை பிடித்துப் பையனிடம் கொடுங்கள் என்றேன்.