பெட்டிக்குள் வைத்ததும் வெளியே விட்டதும்

கேம் கன்சோல்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிப்பின் வேகத்தையும் திரையில் தெரியும் படத்தின் துல்லியத்தையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். செய்நேர்த்தி என்று வந்தால், கையில் எடுக்கக் கனமாக இருக்கிறதா, மேற்பூச்சு பளபளக்கிறதா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கூட வரும் சாமான்களுக்கு ஒரு வரிதான். என் கருத்து வேறு. வாங்கும் ஒவ்வொருவருக்கும் தயாரிப்பாளர் எதை உறுதியாகக் கொடுக்கிறார் என்பதுதான் ஒரு கன்சோலின் தரம். உழைக்கும் இயந்திரமும் பெட்டியில் கிடக்கும் ஒயரும் அந்த ஒரே உறுதியைச் சேர்ந்தவை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனியின் பிளேஸ்டேஷன் 3, நிண்டெண்டோவின் வீ ஆகிய மூன்றும் ஓராண்டு இடைவெளிக்குள் ஒன்றோடொன்று மோதிய காலத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்கச் சந்தைக்கு இரண்டு வகையாக வந்தது. 299 டாலர் பெட்டியில் ஒயர் வைத்த கன்ட்ரோலரும் சாதாரண டிவி கேபிளும் இருந்தன. ஹார்ட் டிஸ்க் கிடையாது. 399 டாலர் பெட்டியில் 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒயரில்லாக் கன்ட்ரோலர், ஹெட்செட், எச்டி கேபிள் எல்லாம் இருந்தன. மலிவானதை வாங்கியவர் பிறகு ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தனியாக வாங்கினாலே ஏறக்குறைய 100 டாலர். உயர்ந்த பெட்டியின் விலை அங்கேயே வந்துவிடுகிறது, மற்ற மூன்றும் இன்னும் கைக்கு வரவில்லை. வை-ஃபை அடாப்டருக்கு இன்னொரு 100 டாலர். ஆகவே அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3 599 டாலர் என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூக்குரல் முழுக்க நியாயமானதல்ல. அந்த விலைக்குள் 60 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் வை-ஃபையும் ப்ளூ-ரே டிரைவும் அடங்கியிருந்தன. கன்ட்ரோலருக்குள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி இருந்தது. எக்ஸ்பாக்ஸின் ஒயரில்லாக் கன்ட்ரோலருக்கோ கடையில் பேட்டரி வாங்கிப் போட வேண்டும். ஆனால் சோனியும் முழுக் கை கொடுக்கவில்லை. எச்டிஎம்ஐ வசதியைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, பெட்டியில் பழைய மூன்று வண்ண ஒயரை மட்டும் வைத்தது. கன்ட்ரோலரில் அதிர்வும் இல்லை. அது வேண்டுமென்றால் டூயல்ஷாக் 3 கன்ட்ரோலர் வரும்வரை காத்திருந்து மறுபடியும் வாங்க வேண்டியிருந்தது.

“வேண்டியதை வேண்டியபோது வாங்கிக்கொள்ளட்டுமே, பணம் குறைந்தவருக்கு அது உதவிதானே?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பெட்டியில் இல்லாத பொருளின் நஷ்டம் அதை வாங்காதவரோடு நிற்பதில்லை. எல்லோரிடமும் ஹார்ட் டிஸ்க் இராது என்றானபின், அபூர்வமான சிலவற்றைத் தவிர எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகள் அது இல்லாமலும் ஓடும்படி எழுதப்பட வேண்டியிருந்தது. 100 டாலர் கூடக் கொடுத்தவருக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. வீ இதற்கு நேர்மாறு. அசைத்து ஆடும் ரிமோட்டும் நன்சக் என்ற இணைக் கருவியும் ஒவ்வொரு பெட்டியிலும் இருந்ததால், கையசைவை நம்பி விளையாட்டு எழுதுவதில் யாருக்கும் தயக்கமில்லை. 250 டாலர் விலையில் அமெரிக்காவில் வீ ஸ்போர்ட்ஸ் விளையாட்டும் சேர்ந்தே கிடைத்தது. ஜப்பானில் அதைத் தனியாகத்தான் விற்றார்கள், அங்கும் வீ நன்றாகவே போயிற்று என்று மறுப்பு வரும். அது உண்மைதான்; ஆனால் ரிமோட் அங்கும் பெட்டிக்குள்தான் இருந்தது. 2009-ல் அதே நிண்டெண்டோ அசைவை இன்னும் நுட்பமாக உணரும் மோஷன்பிளஸ் என்ற கருவியைத் தனித் துணைக்கருவியாகக் கொண்டுவந்தபோது, அதைக் கட்டாயமாகக் கேட்ட விளையாட்டுகள் சிலவே. நல்ல கருவிதான், எல்லோரிடமும் இல்லை.

செய்நேர்த்திக்கும் இதே அளவுகோல்தான். எக்ஸ்பாக்ஸ் 360 மின்சாரப் பகுதியைத் தடித்த அடாப்டராக வெளியே தள்ளி உடலை மெலிதாக்கியது. கிராஃபிக்ஸ் சிப்பின் மேலேயே டிவிடி டிரைவ் உட்கார்ந்ததால், சூட்டை வாங்கும் உலோகத்துக்கு உயர இடமில்லை. சூடேறியும் ஆறியும் சிப்புக்குள் இணைப்புகள் விரிசல்விட்டன என்று 2021-ல் மைக்ரோசாஃப்டே தன் ஆவணப்படத் தொடரில் சொன்னது. மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் கன்சோல் போயிற்று என்று பொருள். பளபளப்பும் கனமும் இதை முன்கூட்டிக் காட்டியிருக்காது. 2007 ஜூலையில் அந்தக் கோளாறுக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் அந்நிறுவனம் ஒதுக்கியது. அந்த உத்தரவாதத்தை நான் மிக முக்கியமான துணைச் சாமானாகவே எண்ணுகிறேன். தாமதமாக வந்தாலும் வாங்கிய எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. வீயிலும் மெல்லிய கைக்கயிறு அறுந்து ரிமோட் பறந்தது. 2006 டிசம்பரிலேயே தடித்த கயிறும், அடுத்த ஆண்டு ரப்பர் உறையும் இலவசமாகத் தரப்பட்டன. இதற்காகவே வீயை நான் மேலே வைக்கிறேன். அதன் பிளாஸ்டிக் எளியது, படமும் மற்ற இரண்டைவிட மங்கல், ஆனாலும் கேட்டதைக் குறைவில்லாமல் கொடுத்தது.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ அமெரிக்காவில் 700 டாலருக்கு வந்தது. டிஸ்க் டிரைவ் அதில் இல்லை. நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டும் தனி விலை. டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருந்தவர் டிரைவுக்கு மேலும் 80 டாலர் எடுத்துவைக்க வேண்டியிருந்தது.