பெயரைத் திருடுவோர்

வீட்டில் நகை களவு போனால் மறுநாளே அறிந்துவிடுகிறோம். பெயர் களவு போனால் அறிந்துகொள்ள ஆண்டுகள் ஆகலாம். திருடப்பெற்ற பின்னரும் அது நம்மிடமே இருக்கின்றதன்றோ! வேறொருவர் அதனைக் காட்டிக் கடன் பெற்றுச் சென்றிருப்பார்.

2005-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்கீழ், சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. எவர் எவ்வளவு கடன் பெற்றார், தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்பவற்றை வங்கிகள் இவற்றிற்கு அறிவிக்கின்றன. இவை 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடுகின்றன. பிறன் எழுதிய விடைத்தாளுக்காக நம் பிள்ளை தோல்வியுறும் விந்தையை நான் இங்கேதான் கண்டேன்.

என் பழைய மாணவி ஒருத்தி தையல் தொழில் செய்பவள். மகளின் கல்லூரிப் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றாள். பெற்றோரும் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டுமாதலின் அவளுடைய அறிக்கையைப் பார்த்தனர். கைப்பேசிச் செயலி வாயிலாகப் பெற்ற இரு கடன்கள் அவள் பெயரில் நிலுவையில் இருந்தன. அவள் அறியாத கடன்கள்! “ஐயா, என்னை ஏமாற்றுக்காரி என்று எழுதி வைத்திருக்கிறார்களே” என்று கலங்கினாள். கட்டணம் கட்ட நாற்பது நாள்களே எஞ்சியிருந்தன.

“சிறு தொகைதானே, கட்டித் தொலைத்துவிடலாம்” என்றனர் வீட்டார். நான் உடன்படவில்லை. வாங்காத கடனைக் கட்டுவது, வாங்கினேன் என்று ஒப்புக்கொள்வதாகவே கொள்ளப்படும்.

நான்கு நிறுவனங்களிடமும் அறிக்கை பெற்றோம். ஆண்டுக்கொரு முறை ஒவ்வொன்றும் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணில் புகார் பதிந்தோம். பின்னர், கடன் கொடுத்த நிறுவனங்களுக்கும் தகவல் நிறுவனங்களுக்கும் தனித்தனியே எழுதினோம். கொடுத்தவர் இசையாமல் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்த இயலாது; ஆதலின் ஒருவருக்கு மட்டும் எழுதுவது வீண். விண்ணப்பத்தின் நகலையும், பணம் சென்று சேர்ந்த வங்கிக் கணக்கின் விவரத்தையும் கேட்டோம். இதுவே உயிர்நாடியான கேள்வி. அந்தக் கணக்கு அவளுடையதன்று!

முதற்கடன் இருபத்தாறாம் நாள் நீக்கப்பெற்றது. மற்றொரு நிறுவனமோ வாய் திறக்கவில்லை. முப்பது நாள்களுக்குள் தீர்வு காணாவிடில், கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதனைச் சுட்டி, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவோம் என்றும் எழுதினோம். அங்கே முறையிடக் கட்டணமில்லை. முப்பத்தெட்டாம் நாள் அந்தப் பதிவும் நீங்கிற்று. கல்லூரிக் கட்டணத்தை அவள் வளையலை அடகு வைத்தே கட்டினாள். வங்கிக் கடன் அடுத்த மாதந்தான் வந்தது.

அடையாள அட்டையின் நகலை எங்கே கொடுத்தாலும், இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். ஆதாரின் முதல் 8 இலக்கங்களை மறைத்த படியும் கிடைக்கின்றது. பல இடங்களில் அதுவே போதும். வாங்குபவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.