முடிச்சை எண்ணுங்கள், கூலியைக் கேளுங்கள்

(காரைக்குடி வட்டாரக் குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நாங்கள் குழுக்களுக்கு வரும்போது நாலைந்து இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டு சால்வை, துப்பட்டா செய்யச் சொல்லி வியாபாரி துணி தர்றாரு. பீஸுக்கு இவ்வளவுன்னு பேசுறாரு. ஒத்துக்கலாமா?" பதில் சொல்லும் முன் அந்த வேலையைப் பற்றித் தெரிஞ்சுக்குவோம்.

துணியை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது பழைய தொழில். குஜராத், ராஜஸ்தானில் இதற்குப் பேர் பாந்தனி. கட்ச் பகுதி ரபாரிப் பெண்கள் போர்த்தும் கம்பளிச் சால்வையிலும் இந்தப் புள்ளிகள் உண்டு. நமக்குப் பக்கத்தில் இருப்பது மதுரைச் சுங்குடி. மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை இது. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான்.

வேலை இப்படித்தான். துணியின் கஞ்சியை நன்றாக அலசிப் போக்கணும். புள்ளி வரும் இடங்களைக் குறிக்கணும். ஒவ்வொரு இடத்திலும் துணியை நுனி நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றணும். பிறகு சாயத்தில் முக்கினால், நூல் சுற்றிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். இரண்டு நிறம் வேணும்னா முதலில் வெளிர் நிறம், மறுபடி முடிச்சு, அப்புறம் அடர் நிறம். காய்ந்ததும் துணியை இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து புள்ளி பூக்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு துப்பட்டாவில் 2,400 முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கை நிமிஷத்துக்கு 5 முடிச்சு போட்டாலும் 480 நிமிஷம், அதாவது 8 மணி நேரம். அது முழுசா ஒரு நாள் வேலை. அடுப்பு, பிள்ளை, மாடு எல்லாம் பார்த்துக்கிட்டுச் செய்தால் இரண்டு மூணு நாள் ஆகும். களை எடுக்கப் போனால் ஒரு நாளைக்கு என்ன கூலி வாங்குறோம்? வியாபாரி சொல்லும் பீஸ் ரேட்டை அதோடு வைத்துப் பாருங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று யாராவது சொன்னால், நமக்குச் சும்மா இருக்கிற நேரம் ஏது என்று கேளுங்கள்.

அச்சடித்த துணியும் சுங்குடி என்ற பேரில் கடையில் கிடைக்கிறது. விலையும் குறைவு. அதோடு விலையில் போட்டி போட்டால் நாம்தான் தோற்போம். கைமுடிச்சுக்கு அடையாளம் உண்டு. புள்ளிகள் ஒன்று போல இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் சின்னச் சுருக்கம் நிற்கும். இதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லி விற்கணும்.

இன்னொன்று, பேர். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019-ல் கிடைத்தது. வேறு ஊரில் நெய்து கண்டாங்கி என்று விற்றால் நமக்குக் கோபம் வராதா? அதே நியாயம்தான். நாம் இங்கே செய்வதை 'மதுரைச் சுங்குடி' என்று விற்கக் கூடாது. 'கைமுடிச்சுத் துப்பட்டா' என்று நம் குழுவின் பேரைப் போட்டே விற்போம்.

சாயம் போடுவதையும் நாமே செய்வதாக இருந்தால் கையுறை போடுங்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். சாயத் தண்ணீர் ஊருணிக்குப் போகவே கூடாது.

ஆகவே, உடனே கடன் எடுத்துத் துணி வாங்க வேண்டாம். குழுவில் இரண்டு பேர் ஆளுக்கொரு துப்பட்டா செய்து பாருங்கள். முடிச்சு எத்தனை, நேரம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லாக் குழுவும் சேர்ந்து முடிச்சுக் கணக்கில் ஒரே கூலியைத் தீர்மானமாகப் போடுவோம். தனித்தனியாகப் பேசினால் விலை இறங்கும். சேர்ந்து பேசினால் நம் சொல் நிற்கும்.