ஒருத்தி தலையில் ஏற்றிய பாரம்

ரிவர்ஸ் சாலமன் எழுதி 2019-ல் வெளிவந்த 'தி டீப்' என்ற நாவலைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அடிமைக் கப்பல்களிலிருந்து அட்லாண்டிக் கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைகள் சாகவில்லை, நீருக்குள்ளேயே பிறந்து ஆழ்கடலில் தனி இனமாகப் பெருகிவிட்டார்கள் என்பது அதன் கற்பனை.

முன்னோர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டே இருந்தால் யாரும் வாழ முடியாதல்லவா? அதனால் அத்தனை நினைவையும் ஒரே ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்கள் நிம்மதியாகத் திரிகிறார்கள். அவள் பெயர் யேத்து. ஆண்டுக்கு ஒருமுறை, சேற்றால் கருப்பை போல ஒரு பெரிய கூடு கட்டி எல்லோரும் உள்ளே கூடுவார்கள். யேத்து நினைவுகளை அவர்களுக்குள் இறக்குவாள். துடிப்பார்கள், கதறுவார்கள். சடங்கு முடிந்ததும் எல்லாவற்றையும் அவள் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நாளுக்கு நாள் அவள் உருக்குலைகிறாள். கடைசியில் ஒரு சடங்கின் நடுவிலேயே, நினைவுகளை அவர்களிடம் விட்டுவிட்டு ஓடிப்போகிறாள்.

அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள அட்லாண்டிக் வரை போக வேண்டாம். 1945 ஆகஸ்ட். ஜப்பானியர் ஆட்சியின் கடைசி நாட்கள், தீவெங்கும் பஞ்சம். விவசாயம் செய்ய இடம் தருகிறோம் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைப் போர்ட் பிளேரில் கப்பலேற்றினார்கள். ஹேவ்லாக் தீவை நெருங்கியதும், இருட்டில், கரைக்கு எட்டத்திலேயே கடலில் குதிக்க வைத்தார்கள். பெரும்பாலோர் மூழ்கிப்போனார்கள். நீந்திக் கரையேறியவர்களைப் பசி கொன்றது. சுற்றுலா விளம்பரங்களில் நாம் பார்க்கிறோமே, அதே ஹேவ்லாக்தான்.

நம் தீவுகளுக்கும் ஒரு யேத்து உண்டு. அதுதான் செல்லுலார் சிறை. அந்தமானின் துயரம் முழுவதையும் அந்த ஒரு கட்டடத்தின் மேல் ஏற்றிவிட்டோம். ஒலி ஒளிக் காட்சி பார்த்துக் கண் கலங்கி, படகேறி வீடு திரும்பிவிடுகிறோம். அங்கே அடைபட்ட விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு என் வணக்கம் என்றும் உண்டு. ஆனால் பிரிட்டிஷாரின் இந்தத் தண்டனைக் குடியிருப்புக்கு முதல் கைதிகள் வந்திறங்கியது 1858 மார்ச்சில். சிறை கட்டி முடிந்ததோ 1906-ல். நடுவிலிருந்த 48 ஆண்டுகளில் காட்டை வெட்டியவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள், கைதிகளாக வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்ட பெண்கள், இவர்களெல்லாம் யார் நினைவில் இருக்கிறார்கள்? நம் பக்கத்து ஹோப் டவுன் துறையில் 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்ற கைதி ஷேர் அலியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரோடு அதே மண்ணில் கல் சுமந்தவர்களின் பெயர் தெரியாது.

கைதிகளின் வழிவந்த 'லோக்கல் பார்ன்' குடும்பங்கள் பலவற்றில், பாட்டனார் என்ன குற்றத்துக்காக வந்தார் என்ற பேச்சே எழவில்லை. அந்த மௌனத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகள் தலைநிமிர்ந்து வளர அது தேவைப்பட்டது. ஆனால் சொல்லாமல் விட்டதால் பயமும் வெட்கமும் போய்விடவில்லை, காரணம் தெரியாமல் பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன.

பிழைப்புத் தேடிப் பின்னால் வந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாத்தம் போகும் ஃபெரிக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு லோக்கல் தாத்தா உட்கார்ந்திருந்தால், அவருக்குச் சொல்ல மனமிருந்தால், கேளுங்கள்: உங்கள் பாட்டி எந்த ஊர்? எந்தக் கப்பலில் வந்தார்? ஜப்பான்காரன் காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?