முதல் இன்சுலின் ஊசிக்குப் பிறகு: வலியும் நடுக்கமும்



இன்சுலின் என்பது நம் கணையம் சுரக்கிற ஒரு ஹார்மோன். அது போதாமல் போகும்போது ஊசியாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடலாம். வீட்டில் நம் வயிற்றில் நாமே குத்திக்கொள்வது வேறு விஷயம். முதல் நாள் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குத்தின இடம் வலிக்கும். "நமக்கு இது ஒத்துக்கலை போல" என்று அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தள்ளிப்போடாதீங்க என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் வலி. குத்தின இடத்தில் லேசான எரிச்சல், ஒரு சொட்டு ரத்தம், சின்னதாக ஒரு நீலத் திட்டு, இதெல்லாம் சகஜம். பஞ்சை வைத்து லேசாக அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். சில நாளில் தானாகவே மறைந்துவிடும். ஆனால் சிவப்பு பரவினாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு வந்து மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

1922 ஜனவரி 11 அன்று, கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகப் போடப்பட்டது. அந்த மருந்து சரியாகச் சுத்தமாகவில்லை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்துவிட்டது. மருந்தைச் சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை நன்றாகக் குறைந்தது, பையன் தேறினான். இன்று நமக்குக் கிடைப்பது நன்கு சுத்திகரித்த மருந்து. பேனா ஊசி வெறும் 4 மில்லிமீட்டர் நீளத்திலும் கிடைக்கிறது.

அடுத்தது நடுக்கம். இதில்தான் கவனம் வேண்டும். பயத்திலும் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இதே அறிகுறிகள்தான். பயம் என்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் அடங்கிவிடும். ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து, பசியும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். ஊகிக்க வேண்டாம், குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மீட்டர் இல்லையா? சந்தேகம் வந்தாலே சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைப் போட்டுவிட்டு, டாக்டர் சொன்ன நேரத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

சரி, அடுத்த ஊசி வலிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

- ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைச் சில்லென்று போடாதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் போட்டால் எரிச்சல் குறையும்.
- ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்துங்கள்.
- ஒவ்வொரு முறையும் புது ஊசி. பழைய ஊசியின் முனை மழுங்கியிருக்கும்.
- தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று வேண்டாம். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப்போய், மருந்து சரியாக ஏறாது.
- பேனாவில் போட்டால் பத்து எண்ணிவிட்டு எடுங்கள்.
- குப்பியில் 40 என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றால் 100. மாறினால் அளவே மாறிப்போகும்.

கையில் இருக்கும் போனும் உதவும். ஊசி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். இன்று எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். குத்தின இடம் சிவந்திருந்தால் தினமும் ஒரு படம் எடுத்தால், பரவுகிறதா குறைகிறதா என்று டாக்டருக்குக் காட்டலாம். 104, 108 இரண்டு எண்களையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். 104 மருத்துவ ஆலோசனைக்கான கட்டணமில்லாச் சேவை. "ஊசி போட்டேன், வலிக்குது, என்ன பண்றது?" என்று தயங்காமல் கேட்கலாம். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸ் எதிரிலேயே ஒருமுறை நீங்களே போட்டுக் காட்டினால் பாதி பயம் போய்விடும்.

வலி சில நாளில் போய்விடும், பயம் நாலைந்து ஊசியில் பழகிவிடும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். சந்தேகம் இருந்தால் ஊசியை நிறுத்தாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க.