கிளைப் பாதையும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே பேச வந்தவன் கல்லூரியைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேசாமல், ஒரு சிறிய புகைவண்டிப் பாதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையே கிடக்கும் தூரமும் கல்வியைச் சேர்ந்ததே. அந்தத் தூரத்தைக் கடக்க இயலாமற் போனதால் படிப்பை விட்ட பிள்ளைகள் நம்மிலே எத்தனை பேர் என்பதை இங்கே கூடியிருக்கும் பெற்றோர்கள் அறிவீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்குச் செல்லும் 37 கிலோமீட்டர் கிளைப் பாதையை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் அது கோடியக்கரை வரையிலும் நீண்டிருந்தது. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களின் ஊர். 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய இடம் அது. அந்தப் போராட்டத்துக்கு அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த உப்பை வாரிக் குவித்தவர்களின் கால்கள் புண்ணானதற்கு எந்தத் தூணும் இல்லை. அவர்களிலே பலர் நம்மவர்கள்.

இந்தப் பகுதிக்குப் புகைவண்டி எப்படி வந்தது? 1894ஆம் ஆண்டில் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை பாதை திறக்கப்பட்டது. அதற்கான பணத்தை நிலத்தின்மீது விதித்த தனி வரியின் மூலம் தஞ்சை மாவட்டக் கழகமே திரட்டியது. வரி கட்டியவர்கள் நிலமுடையோர் என்று ஏடுகள் கூறும். அந்த நிலத்தில் நாற்று நட்டவர் யார், கதிர் அறுத்தவர் யார் என்று ஏடுகள் கூறுவதில்லை. உழைத்தவரின் வியர்வையிலிருந்து விளைந்த நெல்லிலிருந்துதான் அந்த வரியும் வந்தது. ஆகவே இந்தப் பாதையில் நமக்கும் பங்குண்டு. அது பிறர் இட்ட பிச்சையன்று.

அன்பர்களே! பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம் மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924ஆம் ஆண்டில். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் புகைவண்டி ஓடத் தொடங்கிவிட்டது. தெருவில் நடக்க அனுமதியில்லாதவன் சீட்டு வாங்கினால் வண்டியில் ஏறலாம். சீட்டு விலையைக் கேட்டது, சாதியைக் கேட்கவில்லை. இதனால் புகைவண்டி நிலையத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் கூற வரவில்லை. நிலையத்து உணவு விடுதிகளில் பிராமணருக்கென்று இருந்த தனி இடம் பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின்னர், 1941இல்தான் நீக்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது, 1901ஆம் ஆண்டில், தந்தையைக் காணச் சதாராவிலிருந்து மசூர் நிலையம் வரை புகைவண்டியில் சென்றார். வண்டி தடையின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இறங்கிய பின்னர், இன்ன சாதி என்று அறிந்ததும் நிலைய அதிகாரி விலகினார். மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இருமடங்கு கூலி பெற்ற ஒருவரும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டட்டும், தாம் நடந்து வருவதாகச் சொல்லித்தான் இசைந்தார். தண்டவாளம் முடிந்த இடத்தில் சாதி காத்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம், தண்டவாளம் இன்னும் சிறிது தூரம் நீண்டிருக்கக் கூடாதா என்று என் மனம் ஏங்குவதுண்டு.

நம் கிளைப் பாதையிலோ தண்டவாளம் சுருங்கியது. நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்து, கடைசி ஆண்டுகளில் டீசல் எஞ்சின் இழுத்த மீட்டர் கேஜ் பாசஞ்சர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டில் அதுவும் நிறுத்தப்பட்டது. அகலப் பாதையாக மாற்றி, டீசல் மின்தொடர் வண்டியாகிய 'டெமு' மீண்டும் ஓடத் தொடங்கியது 2023 ஏப்ரலில். இடையில் கழிந்தவை 19 ஆண்டுகள்! வண்டி நின்ற ஆண்டில் பிறந்த குழந்தை, அது திரும்பி வந்தபோது கல்லூரி மாணவனாகியிருக்கும். அல்லது படிப்பை விட்டு உப்பளத்துக்குப் போயிருக்கும்.

பேருந்து இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணச் சலுகையும் உண்டு. அதை நன்றியுடன் சொல்ல வேண்டும். ஆனால் புகைவண்டியில் மற்றொரு சலுகை இருக்கிறது. மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும், மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் வீட்டிலிருந்து கல்விக்கூடம் சென்றுவர இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம். வண்டியே இல்லாத ஊரில் இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதையை மூடியபோது சட்டத்திலிருந்து எதையும் நீக்கவில்லை; ஆயினும் ஓர் உரிமை கைநழுவிப் போயிற்று. மோட்டார் சைக்கிள் உள்ளவன் வேறு வழி கண்டான். இழப்பு முழுவதும் எதுவும் இல்லாதவன் தலையில் விழுந்தது.

டெமு வண்டியைப் பற்றி இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது. டீசல் எஞ்சின் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியை இயக்குகிறது. அந்த மின்சாரம் சக்கர அச்சிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், பாதையின் கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் கொண்டுவந்து மாட்ட வேண்டியதில்லை. மேலே மின்கம்பி வேண்டியதில்லை. சிறிய கிளைப் பாதைக்கு ஏற்ற வண்டி இது.

ஆனால் வண்டி மட்டும் போதுமா? 2019இல் திருவாரூர் காரைக்குடிப் பாதையில் டெமு ஓடத் தொடங்கியபோது, லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. ஆகவே அவர்களை வண்டியிலேயே ஏற்றிச் சென்றார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மீண்டும் நிற்கும். மற்றொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் அளவுக்கு ஆயிற்று! இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருபுறம் வேலைக்கு ஆளில்லை. மறுபுறம் நம் தெருவிலே படித்த பிள்ளைகளுக்கு வேலையில்லை.

இளைஞர்களே! ரயில்வேயின் கடைநிலைப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே விண்ணப்பிக்கலாம். அகில இந்திய நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. தேர்வெழுதச் செல்லும் இவ்விரு பிரிவினருக்கும் இலவசப் பயணச் சீட்டும் தரப்படுகிறது. அந்த வேலையோடு நின்றுவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். கேட் கீப்பராகச் சேர்ந்து, துறைத் தேர்வுகள் எழுதி மேலே செல்ல வழியிருக்கிறது. பொறியியல் படித்து அந்த டீசல் எஞ்சினை வடிவமைக்கவும் வழியிருக்கிறது.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களிலிருந்து எத்தனை மாணவர்கள் எந்த நேரத்தில் எந்தக் கல்விக்கூடத்துக்குச் செல்கிறார்கள் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். பள்ளி நேரத்துக்கு ஒவ்வாத வண்டியில் கூட்டம் இராது. கூட்டம் இல்லை என்பதே பின்னர் வண்டியை நிறுத்தக் காரணமாகும். இந்தச் சுழலை உடைக்க வெறும் முறையீடு போதாது, கணக்கு வேண்டும். கணக்கோடு சென்று, எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நேரத்தில் வண்டி வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். வண்டி வந்தால் அதில் ஏறுங்கள். சீட்டு வாங்கியே ஏறுங்கள். விற்ற சீட்டே நமக்குச் சாட்சி.

நம் முன்னோர் உப்பை மூட்டையாக்கி வண்டியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் புத்தகத்தோடு அந்த வண்டியில் ஏறி அமர வேண்டும். அதற்கு வழி செய்வதே இந்தச் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமையட்டும்.