கோஜிரா கப்பலேறியபோது



டோக்கியோ ரயில் ஒன்றில் ஒரு இளம்பெண் பக்கத்திலிருப்பவரிடம் அலுத்துக்கொள்கிறாள். கதிர்வீச்சு ஏறிய மீன், கதிர்வீச்சு மழை, போதாக்குறைக்கு இப்போது கோஜிரா வேறு! நாகசாகியில் அரும்பாடுபட்டுப் பிழைத்த உயிர் இது என்கிறாள். சின்னக் காட்சிதான். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பிவந்து டோக்கியோவை அழிக்கும் ராட்சத விலங்குதான் கோஜிரா. 1954 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'கோஜிரா' படத்தில் இந்தக் காட்சி உண்டு. 1956இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே படத்தில் இல்லை.

அந்த மீன் கற்பனை அல்ல. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மீதும் அவர்கள் பிடித்த மீன் மீதும் அதன் சாம்பல் விழுந்தது. படகின் வானொலி இயக்குபவர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் படம் வந்தது. கடலில் பளீரென ஓர் ஒளி, எரிந்து மூழ்கும் கப்பல் என்று இயக்குநர் இஷிரோ ஹோண்டா படத்தைத் தொடங்கியதும் அரங்கில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அமெரிக்க விநியோகஸ்தர்களுக்கு இது சிக்கல். குண்டைப் போட்டது அவர்கள் நாடு. தெரிந்த முகம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. எனவே ரேமண்ட் பர் என்ற நடிகரை ஸ்டீவ் மார்ட்டின் என்ற அமெரிக்க நிருபராக்கி, டெர்ரி மோர்ஸின் இயக்கத்தில் புதுக் காட்சிகள் எடுத்து உள்ளே செருகினார்கள். பெரியவர் சட்டையைப் பிரித்துப் பையனுக்கு ஆல்டர் செய்வது போன்ற வேலை. 96 நிமிடப் படம் 80 நிமிடமானது.

தையலைப் பாராட்டத்தான் வேண்டும். பர் பேசுவார், எதிரே நாயகி எமிகோவின் பின்னந்தலை மட்டும் தெரியும். அது வேறொரு பெண்ணின் தலை. முகம் திரும்பும்போது ஜப்பானில் முன்பே எடுத்த காட்சி வந்து சேரும். விஞ்ஞானி செரிசாவா, நிருபரின் கல்லூரி நண்பராகிவிட்டார். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். எல்லா வசனத்தையும் ஆங்கிலமாக்கவும் இல்லை. நிருபரின் அருகே ஒரு ஜப்பானிய அதிகாரி நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறார். வெளிநாட்டில் மொழி தெரியாமல் நிற்பவனின் தவிப்பு இதனால் இயல்பாக வந்துவிடுகிறது. வாய் ஒருபக்கம், குரல் ஒருபக்கமாக ஓடும் டப்பிங்கைவிட இது எனக்கு எவ்வளவோ மேல்.

ஆனால் கத்தரி போன இடங்களைப் பாருங்கள். கோஜிரா பற்றிய செய்தியை மக்களுக்குச் சொல்வதா, மறைப்பதா என்று நாடாளுமன்றக் குழுவில் நடக்கும் கூச்சல் போய்விட்டது. ரயில் பெண் போய்விட்டாள். கின்சா தெருவில் நெருப்புக்கு நடுவே குழந்தைகளை அணைத்தபடி ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அப்பா எங்கே போனார் என்று 1954இல் எந்த ஜப்பானியரும் கேட்டிருக்க மாட்டார். அமெரிக்கப் படத்தில் அந்தத் தாய் இருக்கிறாள். அவள் சொல்வதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமல் விடும் உத்தி இங்கே அவள் வாயையே அடைத்துவிட்டது.

முடிவும் மாறியது. மூலத்தில் பேராசிரியர் யமானேயாக வரும் தகாஷி ஷிமுரா, அணுகுண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரக்கூடும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி நிறுத்துகிறார். அதே ஆண்டு 'ஏழு சாமுராய்' படத்தில் தலைவராக நடித்தவர் இவர்தான். அமெரிக்கப் படத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்கிறார் நிருபர்.

சட்டை பையனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, மறுக்கவில்லை. கோஜிராவைக் காட்ஸில்லா என்ற பெயரில் உலகம் அறிந்ததும் இந்தப் படத்தால்தான். 1957இல் இது ஜப்பானுக்கே திரும்பிப்போய் அங்கும் ஓடியது. ஆனாலும் துக்கப்படம் ஒன்றை வேடிக்கைப்படமாக்கிய வேலை இது என்பதே என் கருத்து. வெட்டுப்படாத மூலம் அமெரிக்கத் திரையரங்குகளைப் பரவலாகச் சுற்றிவர 2004 ஆயிற்று.

இரண்டும் இப்போது கிடைக்கின்றன. முதலில் 96 நிமிடப் படத்தைப் பாருங்கள். அடுத்த நாள் மற்றதைப் போட்டு, அந்த ரயிலுக்காகக் காத்திருந்து பாருங்கள்.